சுறாவின் ஈரலும் மாலைக்கண்ணும்

பழவேற்காடு என்றதும் எழுதுபவர்களின் பேனா இரண்டு இடங்களுக்குத்தான் போகும். ஒன்று, மண்டையோடும் எலும்பும் செதுக்கிய டச்சுக் கல்லறைகள். மற்றொன்று, பனிக்காலத்தில் ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள். 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை, அதன் வெடிமருந்துச் சாலை, கப்பலேறிய துணிகள், துணிகளோடு சேர்த்து ஏற்றப்பட்ட அடிமைகள் ஆகியவை குறித்தெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறையவே எழுதியாயிற்று. நாம் இம்முறை கோட்டையை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்துக் குப்பங்களின் அடுப்படிக்குப் போக விரும்புகிறோம். அங்கிருந்து குன்னூருக்கும் கோழிக்கோட்டுக்கும் மதுரைக்கும் ஒரு பாதை பிரிகிறது. அந்தப் பாதையில் கிடப்பது குழந்தைகளின் கண்பார்வை.

ஏரியும் கடலும் சேரும் இடம் இது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவை ஏரிக்குள் இறால் பிடிப்பதற்குப் 'பாடு' என்ற முறையை வைத்திருக்கும் ஊர்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது முறை வைத்துப் பங்கிடப்பட்டிருக்கும். லைட்ஹவுஸ்குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம் போன்றவை கடலைப் பார்த்த ஊர்கள். ஏரி மீனுக்கும் கடல் மீனுக்கும் சுவை வேறு, விலை வேறு, பயன் வேறு. மீன் விற்கும் பெண்கள் இந்த வேறுபாட்டை வாங்குபவரின் உடம்போடு சேர்த்தே பேசுவார்கள். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாளா, காய்ச்சல் விட்டு எழுந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கூடையில் கையை விடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு என்றால் பால் சுறா, அல்லது காரல். காய்ச்சலில் கிடந்தவருக்கு என்றால் முள் குறைந்த, கொழுப்பில்லாத மீன். இறாலும் நண்டும் ஆகாது என்று எடுத்து அப்பால் வைத்துவிடுவார்கள்.

இதற்குத் தமிழில் பத்தியம் என்று பெயர். இன்று இச்சொல்லைக் கேட்டால் விலக்க வேண்டியவற்றின் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது: உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. ஆனால் பத்தியச் சமையல் என்பது விலக்கு மட்டுமன்று. ஒரு குறிப்பிட்ட நிலையிலுள்ள உடம்புக்கென்று தனியாகச் சமைப்பது அது. மிளகாய்க்குப் பதில் மிளகு, தேங்காய்க்குப் பதில் பூண்டு, கடலை எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றையும் மாற்றி வைத்து ஒரு குழம்பை வேறொரு குழம்பாக ஆக்கும் கலை. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தைப் புரட்டினால் அங்கே ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. பெரும்பகுதி எதை, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைப் பற்றியதுதான். மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நாம் இன்று போட்டிருக்கும் கோடு அன்று அவ்வளவு அழுத்தமாக இருந்திருக்கவில்லை எனலாம்.

சுறாப் புட்டு எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். செய்முறையிலேயே ஒரு வேதியியல் இருக்கிறது. சுறாத் துண்டுகளை மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து, மணல்தாள் போன்ற தோலை உரித்து எறிவார்கள். சதையை உதிர்த்து, கையால் இறுகப் பிழிந்து நீரை வடிப்பார்கள். அதன் பிறகுதான் சின்ன வெங்காயமும் இஞ்சியும் ஏராளமான பூண்டும் மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்குவது. இந்தப் பிழிதல் ஏன்? கடல்நீரின் உப்பைத் தாங்குவதற்காகச் சுறா தன் இரத்தத்திலும் தசையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்த பிறகு நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்கும். பழைய சுறாவின் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். யூரியா நீரில் எளிதில் கரைவது. வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுச் சதையையும் பிழிந்தால் அது வெளியேறிவிடும். எஞ்சுவது முள்ளில்லாத, கொழுப்பு மிகக் குறைந்த, எளிதில் மெல்லக்கூடிய புரதம். பிரசவித்து ஓரிரு வாரமே ஆன பெண்ணுக்கு இதைவிடத் தோதான உணவு எது? அது பால் சுரக்க வைக்கும் என்ற நம்பிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும்கூட, நல்ல உணவு என்பதில் ஐயமில்லை.

கொழுப்பு எங்கே போயிற்று? சுறாவுக்கு மற்ற மீன்களைப்போல் உடலுக்குள் காற்றுப்பை இல்லை. நீரில் மூழ்கிவிடாமல் இருக்க அது நம்பியிருப்பது தன் ஈரலை. உடம்பின் எண்ணெயெல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கிறது. சில இனங்களில் ஈரல் மொத்த எடையில் நாலில் ஒரு பங்குவரை வரும். அந்த எண்ணெயில் கரைந்திருப்பது உயிர்ச்சத்து ஏ. மீன் வளர வளர, வயது ஏற ஏற, ஈரலில் சத்தும் கூடிக்கொண்டே போகும். ஆனால் மீனவர் குடில்களில் அந்த ஈரல் அடுப்புக்குப் போகவில்லை. பானையில் போட்டு வெயிலில் வைத்து உருக விடுவார்கள். அல்லது நீரில் கொதிக்கவைத்து மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்கள். கருத்து, நாறி, கெட்டியாக வரும் அந்த எண்ணெய் படகின் மரத்துக்குப் பூசப்பட்டது. உப்புநீரும் கப்பல்புழுவும் மரத்தைத் தின்றுவிடாமல் காப்பதற்கு அதைப் போல மலிவான பொருள் வேறில்லை. வெயிலும் காற்றும் பட்டால் உயிர்ச்சத்து ஏ அழிந்துவிடும் என்பதால், அந்த எண்ணெயைக் குடித்திருந்தாலும் பயன் குறைவாகவே இருந்திருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இனிக் கரையை விட்டு நகருக்குள் போவோம். பழவேற்காட்டிலிருந்து தெற்கே அறுபது கிலோமீட்டருக்குள் எழும்பூர். அங்கே 1819இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 1920களில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆர்.இ. ரைட். தென்னிந்தியாவில் கருவிழி இளகிக் குருடாகும் குழந்தைகளைப் பற்றி 1922இல் அவர் விரிவாக எழுதினார். நோயின் போக்கு கொடுமையானது. முதலில் மாலைக்கண், அந்தி சாய்ந்ததும் குழந்தை சுவரைத் தடவத் தொடங்கும். பின் வெண்விழியின் பளபளப்பு போய் வறண்டுவிடும். சோப்பு நுரை ஒட்டியதுபோல் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். அதன் பிறகு ஒரு வயிற்றுப்போக்கோ அம்மையோ வந்தால் போதும். சில நாட்களில், சிலநேரம் சில மணிகளில், கருவிழி நைந்து கரைந்துவிடும். கண்ணைப் பறிகொடுத்த குழந்தைகளில் பலர் உயிரையும் பறிகொடுத்தார்கள். கிராமத்துப் பெற்றோர் இதை அம்மை தின்ற கண் என்றார்கள். உண்மையில் தின்றது கஞ்சித் தண்ணீரும் வெறும் சோறும்.

மாலைக்கண்ணுக்கு ஈரல் என்பது பழைய அறிவு. ஆட்டு ஈரலைச் சுட்டோ வேகவைத்தோ கொடுப்பது நம் நாட்டு வைத்தியத்தில் தொன்றுதொட்ட வழக்கம். ஜப்பானில் மோரி என்ற மருத்துவர் 1904இல், கண் வறண்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துக் குணமாக்கியதை எழுதினார். முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க்கு தன் வெண்ணெயையெல்லாம் ஏற்றுமதி செய்துவிட்டு ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்தபோது, கோபன்ஹேகனில் பிளாக் என்பவர் அதே கண் நோயைக் கண்டார், அதே எண்ணெயால் தீர்த்தார். 1913இல் அமெரிக்காவில் மெக்காலமும் டேவிசும் வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் இருந்த அந்தச் சத்தைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அறிவியல் முடிந்துவிட்டது. எஞ்சியிருந்த கேள்வி ஒன்றுதான்: சென்னை மாகாணத்து ஏழைக் குழந்தைக்கு அந்தச் சத்தை எந்தப் பொருளில் வைத்துக் கொடுப்பது? நார்வேயிலிருந்து கப்பலில் வந்த காட் மீன் எண்ணெய் மருத்துவமனைப் படுக்கைகளுக்கே எட்டாத விலை.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட இடம் குன்னூர். ராபர்ட் மக்காரிசன் 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் தொடங்கிய பற்றாக்குறை நோய் ஆய்வு, 1920களின் இறுதிக்குள் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்துவிட்டது. இரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறும் ஈரலும் கொடுத்துப் புகழ்பெற்ற லூசி வில்ஸ் அங்கே சிலகாலம் எலிகளோடு உழைத்தார். சென்னையில் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். அவர் தேடிய பொருளுக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1935இல் மக்காரிசன் ஓய்வுபெற, வாலஸ் அய்க்ராய்டு பொறுப்பேற்றார். இந்திய உணவுகளின் சத்தளவுகளைப் பகுத்து 1937இல் அவர் வெளியிட்ட சிறுநூல், பல பதிப்புகள் கண்டு, இந்தியாவில் சத்துணவுத் திட்டங்களின் அடிப்படை ஆவணமாகிவிட்டது. கீரையும் முருங்கையிலையும் நெத்திலியும் கேழ்வரகும் எண்களோடு வரிசையில் உட்கார்ந்த முதல் பெரிய பட்டியல் அது என்று நாம் கருதுகிறோம்.

அதே 1937இல் அய்க்ராய்டும் எழும்பூர் ரைட்டும் சேர்ந்து ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கருவிழி நையும் குழந்தைகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துப் பார்த்த முடிவுகள். செம்பனையின் சிவப்பு அதிலுள்ள கரோட்டின்; உடலுக்குள் போனதும் அது உயிர்ச்சத்து ஏ ஆகிவிடும். குன்னூர் ஆய்வுக்கூடமும் எழும்பூர்ப் படுக்கையும் இப்படிக் கைகோத்ததை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். மருந்துக் கம்பெனியின் புட்டியைத் தேடாமல் உண்ணக்கூடிய ஒரு பொருளை நோயாளியின் முன் வைத்துச் சோதித்தார்கள். ஆனால் செம்பனையும் இங்கு விளைவதன்று. நார்வே எண்ணெய்க்கு மாற்று எங்கோ ஆப்பிரிக்காவிலும் மலாயாவிலும் தேடப்பட்டபோது, வங்கக் கடலோரத்தில் படகுகளுக்குப் பூசப்பட்டுக்கொண்டிருந்தது அதைவிட வீரியமான எண்ணெய்.

அரசுக்கு மீன் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஃப்ரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னையில் மீன்வளத்துக்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. மலபார்க் கரையில் மத்தி எண்ணெயையும் மீன் உரத்தையும் ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணெய் தொழிற்சாலைகளுக்கு, உரம் தோட்டங்களுக்கு. நிக்கல்சனுக்குப் பின்வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டுக்கே வந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்த ஏரியில்தான் இந்தியாவின் முதல் ஆளிப் பண்ணையை அமைத்தார். பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் முறையைப் பார்த்துவந்து இங்கே பொருத்திப் பார்த்த முயற்சி அது. அறிவியலில் அது பெரிய காரியம்தான். எனினும் அரசு இந்த ஏரியில் முதலில் கண்ட உணவு எது என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆளியைப் பச்சையாக எலுமிச்சை பிழிந்து உண்பவர் குப்பங்களில் யாருமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கோழிக்கோட்டில் மருத்துவமனைகளுக்காகச் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஆனால் அது வேர்பிடிக்கவில்லை. வேர்பிடிக்க ஒரு போர் தேவைப்பட்டது. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. காட் எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. அடுத்த சில மாதங்களிலேயே நம் கரையின் சுறாக்கள் அரசின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. அன்றைய சென்னை மாகாணத்தில் மலபாரும் அடக்கம். மீன்வளத் துறை கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய்த் தொழிற்சாலையை நிறுவியது. திருவிதாங்கூரும் பம்பாயும் தத்தம் கரைகளில் அதே வேலையில் இறங்கின.

வெயில் பானைக்கும் இந்தத் தொழிற்சாலைக்கும் உள்ள வேறுபாடு பெரிய இயந்திரங்களில் இல்லை. ஈரல் அன்றே வெட்டியெடுக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையை உடைக்காமல் நீக்கவேண்டும். பொடியாக நறுக்கி, மிதமான நீராவியில் வேகவைத்து, எண்ணெயைப் பிரித்து, குளிரவைத்து, உறைகின்ற கொழுப்பை வடிகட்டி, ஒளி புகாத கலத்தில் அடைக்கவேண்டும். பிறகு அதன் வீரியத்தை அளந்து, நெடியற்ற வேறோர் எண்ணெயைக் கலந்து, எல்லாப் புட்டியிலும் ஒரே அளவு இருக்கும்படி செய்யவேண்டும். கடைசிப் படிதான் உணவை மருந்தாக்குகிறது. அடுப்படியில் 'கை அளவு' இருக்கிறது. மருத்துவமனைக்குத் துளி அளவு தேவை. இந்த எண்ணெயைச் சோதித்தவர்கள் கண்ட செய்தி வியப்பானது: நம் கடலின் பெரிய சுறாக்களில் சிலவற்றின் ஈரல் எண்ணெய், காட் எண்ணெயைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டிருந்தது. இந்திய மருந்துநூலிலும் சுறா ஈரல் எண்ணெய்க்கு ஓர் இடம் கிடைத்தது. சென்ற தலைமுறையில் பள்ளிக்கூடத்திலும் ஆரோக்கிய நிலையங்களிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி மீன் எண்ணெய் விழுங்கியவர்கள் நம் வாசகர்களிலும் இருக்கக்கூடும்.

பழவேற்காடு போன்ற ஊர்களுக்கு இதில் என்ன பங்கு கிடைத்திருக்க முடியும்? ஈரல் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பொருள். பனிக்கட்டி கிடையாது, நல்ல சாலை கிடையாது, ஆலையோ எதிர்க்கரையில். ஒரு குப்பத்தின் வாசலிலேயே இந்த எண்ணெயைத் தூய்மையாக எடுத்து அங்குள்ள குழந்தைக்கே கொடுக்கலாம் என்ற எண்ணம், ஒரு சிறு கொதிகலத்தோடும் ஓர் இருண்ட புட்டியோடும் நடக்கக்கூடிய காரியம். ஆனால் போர்க்கால அரசின் எண்ணம் மருத்துவமனைகளையும் படைகளையும் நோக்கியே இருந்தது. மீனவர் அதில் ஈரல் விற்பவர் மட்டுமே.

போர் முடிந்தது. 1947இல் ஸ்விட்சர்லாந்தில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ ஈஸ்லரும் உடனிருந்தோரும் உயிர்ச்சத்து ஏயை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அது மலிந்தது. கலிபோர்னியாவில் ஈரலுக்காகவே சுறாக்களை வேட்டையாடி 1940களின் நடுவிலேயே கடலைக் காலி செய்திருந்த தொழில் படுத்துவிட்டது. இங்கேயும் சுறா எண்ணெயின் மவுசு மெல்லக் குறைந்தது. நாம் இதற்காக ஒப்பாரி வைக்கப்போவதில்லை. செயற்கைச் சத்து இல்லாதிருந்தால் சுறாக்கள் இன்றைக்கு இருக்கும் அளவுகூட இருந்திருக்காது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சத்து போய்ச் சேர்ந்திருக்கவும் முடியாது.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்து குன்னூரில் ஆய்வைத் தொடங்கிய சி. கோபாலன் அதன் தலைமையில் இருந்த காலத்தில்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகு உயிர்ச்சத்து ஏயை ஒரே வாயாகக் கொடுத்தால் ஈரல் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பது களத்தில் சோதிக்கப்பட்டது. 1970இல் அது நாடு தழுவிய திட்டமானது. சுறா தன் ஈரலில் செய்வதையே குழந்தையின் ஈரலும் செய்கிறது என்பது இதன் தத்துவம். இடைக்கால ஏற்பாடு என்றுதான் இது தொடங்கியது. பிற்காலத்தில் கோபாலனே, கரண்டி மருந்தை நிரந்தரமாக்கிவிட்டு உணவை மறந்துவிடாதீர்கள் என்ற தரப்பில் உறுதியாக நின்றார்.

உணவின் தரப்பில் நின்ற இன்னொருவரைத் தமிழர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் நிறுவுவதற்கு முன்பு, கோ. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். கருவிழி நைந்து வரும் குழந்தைக்கு மருந்து கொடுத்துக் கண்ணை மீட்டு வீட்டுக்கு அனுப்பினால், சில மாதங்களில் அதே குழந்தை அதே நோயோடு திரும்பி வரும். அல்லது வராமலேயே போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கண் வேதியியலாளர் அன்டோனெட் பிரீயின் துணையோடு 1971 வாக்கில் மதுரையில் ஒரு சத்துணவு மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. நோயுற்ற குழந்தையோடு தாயும் வந்து தங்குவாள். சமைப்பதும் ஊட்டுவதும் அவளேதான். சந்தையில் கிடைக்கும் மலிவான தானியம், பருப்பு, கீரை; கூலிக்குப் போகும் வீட்டில் வாங்க முடியாத எதுவும் அடுப்பில் ஏறக்கூடாது. பார்வை மீளும்போது அது எந்தக் கீரையால் மீண்டது என்பதை அந்தத் தாய் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவாள். இந்த மையத்தின் அனுபவம் 1976இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பிரீயின் கணவர் என்.டபிள்யூ. பிரீ இலைகளிலிருந்து புரதம் பிரித்தெடுக்கும் ஆய்வில் உலகப் பெயர் பெற்றவர். அந்த இலைப் புரதத்தைக் குழந்தைகளுக்கு ஊட்டிப் பார்த்த இடங்களில் ஒன்று ராஜம்மாள் தேவதாஸ் இருந்த கோவை அவினாசிலிங்கம் கல்லூரி. ஒரு குடும்பத்தின் இரண்டு ஆய்வுகள் தமிழ்நாட்டின் இரண்டு ஊர்களில் கீரையில் வந்து சந்தித்தன. இது தற்செயல்தான், என்றாலும் நமக்குப் பிடித்த தற்செயல்.

அடுத்து ஒரு கணக்கு. 1990இல் லட்சுமி ரஹ்மதுல்லாவும் உடனுழைத்தோரும் திருச்சி மாவட்டத்தில் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகள். ஒரு பகுதிக்கு வாரம் ஒருமுறை 8,333 அலகு உயிர்ச்சத்து ஏ. மறு பகுதிக்கு அது இல்லாத எண்ணெய். சத்து பெற்ற குழந்தைகளில் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. கண்ணுக்கான சத்து என்று எழும்பூரில் தொடங்கிய கதை, அது உயிருக்கே ஆன சத்து என்று காவிரிக்கரையில் வந்து நின்றது. 8,333 என்ற எண் எங்கிருந்து வந்தது? அரசு கொடுத்த இரண்டு லட்சத்தை 24 ஆல் வகுத்துப் பாருங்கள். நாள் கணக்கில் பிரித்தால் கிட்டத்தட்ட 1,190 அலகு. ஒரு சிறு குழந்தை ஒழுங்காக உண்டால் அன்றாடம் கிடைத்திருக்க வேண்டிய அளவு. மருந்தின் பெயரில் கொடுக்கப்பட்டது உணவின் அளவுதான். ஒரு கிராம் சுறா ஈரல் எண்ணெயில் ஆறாயிரம் அலகு என்று வைத்துக்கொண்டால், ஒரு குழந்தையின் ஒரு வாரத்துக்கு ஒன்றரை கிராம்கூட வேண்டாம். தேக்கரண்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு படகுக்குப் பூசும் எண்ணெயில் எத்தனை ஊர்க் குழந்தைகளின் ஆண்டுகள் இருந்தன என்பதை வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

மறுபடியும் ஏரிக்கரைக்கு வருவோம். பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் சினைச் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபடும் காட்சி உண்டு. வாள்போன்ற கொம்புடைய வேளா மீனே அது என்பாருண்டு. அந்த வேளா இன்று அருகிப்போய்விட்டது. 2001இல் பத்து வகைச் சுறா, திருக்கை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வேளாவும் அவற்றுள் ஒன்று. 2022இன் திருத்தம் பட்டியலை மேலும் நீட்டியது. பெரிய சுறாவின் ஈரலில் மருந்து தேடும் வாசல் சட்டத்தாலும் கடலாலும் ஒருசேர மூடப்பட்டிருக்கிறது.

பால் சுறாவின் வாசலோ வேறு விதமாகச் சிக்கலாகியிருக்கிறது. கடலில் கலக்கும் பாதரசம் சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு ஏறி, சுறாவின் தசையில் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க அரசு அமைப்புகள் 2000களின் தொடக்கத்திலிருந்தே அறிவுறுத்தி வருகின்றன. ஈரலிலும் எச்சரிக்கை உண்டு. கருவுற்ற தொடக்க மாதங்களில் உயிர்ச்சத்து ஏ மிகுந்தால் சிசுவின் உறுப்புகள் பழுதுபடும். யாருக்காகப் பத்தியம் சமைக்கப்பட்டதோ அவளுக்கே அது ஆகாது என்கிறது புதிய பட்டியல். உலகளவில் பாதரசத்தின் பெரிய ஊற்றுக்கண்களில் ஒன்று நிலக்கரி எரிப்பு. பழவேற்காட்டுக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். குப்பத்துக் கிழவிகளின் பத்திய நூலில் இல்லாத ஒரு பொருளை யார் கடலில் சேர்த்தார்கள் என்று கேட்காமல், சுறாப் புட்டை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாதரசம் வயதோடும் உருவத்தோடும் கூடுவது. குப்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு என்று எடுத்துக்கொடுப்பது முழங்கை நீளத்துச் சிறு சுறா. பெரிய சுறாவின் துண்டை அதற்குத் தரமாட்டார்கள், சூடு என்பார்கள். காரலோ உள்ளங்கையளவே உள்ள, ஓரிரு ஆண்டே வாழும் மீன். அதில் பாதரசம் சேர நேரமே இல்லை. கூடையில் எது பத்தியத்துக்கு ஆகும் என்ற தேர்வு இன்றைய ஆய்வுக்கூடத்தின் தேர்வோடு இந்த அளவுக்குப் பொருந்தியே வருகிறது. பொருந்தாத இடம் கடலுக்குள் இருக்கிறது. பால் சுறா முட்டையிடுவதில்லை. ஏறத்தாழ ஓராண்டு சூல் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிவரை ஈனுகிறது. ஏலக் கரையில் மணலில் பரப்பியிருக்கும் சிறு சுறாக்களில் வயிறு பெருத்தவையும் கிடக்கின்றன. அவற்றுக்கு விலை கொஞ்சம் கூடுதல்.